உரிமை கோரப்படாத சூனியக்காரி

1

புதன்கிழமை காலை பதினொரு மணிக்குப் பேருந்துப் பணிமனையின் தொலைந்த பொருள் பிரிவில் இருந்தவர்களும், அவரவர் உட்கார்ந்திருந்த இடமும் பின்வருமாறு:

சூப்பிரண்டு – பெரிய மேஜைக்குப் பின்னால், மின்விசிறிக்கு நேர் கீழே.

குமாஸ்தா – அதே மேஜையின் ஓரத்தில், முக்காலியில், பாதி உடம்பு அந்தரத்தில்.

கொக்கி – யாரும் கேட்டு வராத குடைகளைக் கட்டிவைத்த மூட்டையின் மேல். உயரத் தட்டிலிருந்து பொருள் இறக்கும் கொக்கிக் கழியோடு இருபது வருடமாக நடமாடுகிறவர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும்.

தையற்காரம்மா – பொருள் தேடி வருகிறவர்களுக்கான நாற்காலியில். குமாஸ்தா இரண்டாம் மாடியில் குடியிருக்கும் அதே கட்டடத்தில், மூன்றாம் மாடிக் கடைசி வீட்டுக்காரர்.

சூனியக்காரி – அதற்கு அடுத்த நாற்காலியில். இவர் ஒரு தொடர்கதையிலிருந்து வந்தவர்.

[கடைசி வரி முதல் பிரதியில் இல்லை. இரண்டாம் பிரதியில் எழுதி அடிக்கப்பட்டது. இனி அடிப்பதாக இல்லை. வந்தவரை வரவில்லை என்று எழுதுவது முறையல்ல.]

இந்தக் கதை எங்கே முளைத்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒரு படிவத்தில் முளைத்தது. இதை எழுதுகிறவரும், முக்காலியில் பாதி உடம்போடு உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவும் ஒரே ஆள்தான். அலுவலகக் குறிப்புகளில் தன்னைத் தானே ‘குமாஸ்தா’ என்று எழுதிப் பழகிய கை. ‘நான்’ என்று ஆரம்பித்தால் மூன்றாவது வரியிலேயே தன் பக்கம் சாய்ந்துகொள்ளும். ஆகவே குமாஸ்தா என்றே இருக்கட்டும். அந்த ஆளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தித் திட்டவும் வசதி.

2

இதற்கு மூன்று தொடக்கங்கள் எழுதப்பட்டன.

முதலாவது: “நகரம் உறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடியின் மூலை வீட்டில் அவள் கண்கள் மட்டும்—”

[நிறுத்து. தையற்காரம்மா ஒன்பது மணிக்கே குறட்டை விட்டுத் தூங்குகிறவர். இரண்டாம் மாடிக்குக் கேட்கும்.]

இரண்டாவது: “விதி தந்த குறைகளைப் புன்னகையால் வென்ற அந்தத் தாயுள்ளம்—”

[இதைத் தையற்காரம்மாவிடமே படித்துக் காட்டியாயிற்று. முழுக்கக் கேட்டுவிட்டு, “யாரு தம்பி இது? எனக்குத் தெரிஞ்சவங்களா?” என்றார்.]

மூன்றாவது, நடந்ததை நடந்தபடி சொல்வது. வேறு வழி தெரியாததால் அதுவே இங்கே.

குமாஸ்தா பகலில் தொலைந்த பொருள்களைப் பதிவு செய்கிறவர். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு வார இதழுக்கு மாயக்கதை எழுதுகிறவர். நகரத்தில் நடக்கிற மாயக்கதை. பொத்தான் இல்லாத மாடிக்குப் போகும் லிஃப்ட், பாதாளச் சாக்கடையில் பூதங்கள், ரத்தம் குடிக்கும் காவலாளி, இத்யாதி. தொடரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. விளம்பரமாகிவிடும்.

எதையும் ஒழுங்காகச் செய்கிற ஆள். கதாபாத்திரம் ஒன்று பிறந்தால் அதற்கும் ஒரு பதிவு வேண்டும். கைக்கு எட்டிய பதிவு, அலுவலகத்தின் ஏழாம் எண் படிவம். ‘பொருள், நிறம், அடையாளம், கண்டெடுத்த இடம்’ என்று நான்கு கட்டங்கள். அடையாளக் கட்டத்தில் நாலைந்து சொல்லுக்கு மேல் கொள்ளாது. குடைக்கு அது தாராளம். ‘பிடி உடைந்தது, ஒரு கம்பி இல்லை’ என்று எழுதினால் குடையின் முழு வாழ்க்கையும் அதில் அடங்கிவிடும்.

படிவம் கார்பன் வைத்தது. மேல்தாள் பொருளோடு போகும். இரண்டாம் பிரதி புத்தகத்தில் தங்கும். மூன்றாம் பிரதி பேருந்து நிறுத்தத்தைப் பார்த்த அறிவிப்புப் பலகைக்குப் போகும். கதாபாத்திரங்களை எழுதும்போது மட்டும் மேல்தாளுக்கு அடியில் ஓர் அட்டையைச் செருகிக்கொள்வது குமாஸ்தாவின் வழக்கம். பூதத்துக்குச் செருகினார். காவலாளிக்குச் செருகினார். சூனியக்காரியை எழுதிய அன்று அட்டையைச் செருக மறந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமைதோறும் கொக்கி மூன்றாம் பிரதிகளைக் கிழித்து மேஜையில் அடுக்குவார். சூப்பிரண்டு வரிசையாக வட்ட முத்திரை குத்துவார். அவர் குத்துகிறவர், படிக்கிறவர் அல்ல. அப்படித்தான் அந்தத் தாள் பலகை ஏறியது:

பொருள்: சூனியக்காரி – 1.
நிறம்: கறுப்பு, கையிலும் உதட்டோரத்திலும் வெள்ளை.
அடையாளம்: ஒரு கால் கட்டை, சாவிக்கொத்து, தனிக்கட்டை.
கண்டெடுத்த இடம்: மூன்றாம் மாடி, கடைசி வீடு.

கட்டடத்துக்காரர் ஒருவர் பேருந்துக்காகக் காத்திருந்த நேரத்தில் இதைப் படம் பிடித்துக் குடியிருப்போர் குழுவில் போட்டார். அதுவரை, “தொடர்கதையில வர்றவ நம்ம மேல்மாடிக்காரம்மா ஜாடையா இருக்கா இல்ல?” என்று மாவு சலிக்கிற மாதிரி மெல்லச் சலித்துக்கொண்டிருந்த பேச்சுதான். வட்ட முத்திரையைப் பார்த்ததும் சந்தேகம் சான்றிதழாகிவிட்டது.

தையற்காரம்மா லிஃப்டை நோக்கி வருவது தெரிந்தால் உள்ளே இருப்பவர்கள் கதவை மூடினார்கள். தைக்கக் கொடுத்திருந்த பள்ளிச் சீருடைகளை அளவெடுத்த தாளோடு திரும்ப வாங்கிப் போனார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக் கதவுக்கு அடியில் ஒரு துண்டுத்தாள் வந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குடியிருப்போர் சங்கக் கூட்டம். ஒரே ஒரு விஷயம்: மூன்றாம் மாடிக் கடைசி வீட்டைக் காலி செய்யச் சொல்வது.

தொடரின் கடைசி அத்தியாயம் வெளிவருவதும் அதே சனிக்கிழமை காலையில்தான்.

3

தையற்காரம்மா பலகையிலிருந்து தாளைக் குண்டூசியோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார். மேஜையில் வைத்து, இஸ்திரி போடுகிற மாதிரி உள்ளங்கையால் நீவினார்.

“இந்தப் பொருள் நான்தான். வாங்கிட்டுப் போக வந்திருக்கேன்.”

சூப்பிரண்டு முப்பது வருடத்தில் முதல்முறையாக ஒரு மூன்றாம் பிரதியைப் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

“யோவ், என்னய்யா இது?”

“சார், அது வந்து... கற்பனை சார்.”

“கற்பனைக்கு என் முத்திரை எதுக்குய்யா?”

கொக்கி குடை மூட்டையிலிருந்து எட்டிப் பார்த்தார். “அண்ணே, நம்ம தொடர்கதைல வர்ற சூனியக்காரி! பலகையில குத்தும்போதே நினைச்சேன், எங்கயோ படிச்ச மாதிரி இருக்கேன்னு.”

“படிச்சியா? படிச்சுட்டுமா பலகையில குத்தினே?”

“குத்துறது சார் என் வேலை. படிக்கிறது ஆசைக்கு.”

தையற்காரம்மா குமாஸ்தாவைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். பேன்ட்டுக்கு அளவெடுக்கிறவர் பார்ப்பது போலப் பார்த்தார்.

“உங்க பேன்ட்டு அடி மடிச்சுத் தைச்சுக் குடுத்தேனே, அந்த வாரம் எழுதினதா தம்பி?”

“அக்கா, வேணும்னு எழுதல. யோசிக்காம...”

“யோசிக்காம என் கால் எப்படி வந்துச்சு?”

[இந்த இடத்தில் குமாஸ்தா ஏதோ பதில் சொன்னதாக முதல் பிரதியில் இருக்கிறது. நல்ல பதில். மறுநாள் ராத்திரி வீட்டில் யோசித்தது. அது நீக்கப்பட்டது. அன்று அவர் செய்தது, முக்காலியை இன்னும் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டதுதான்.]

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு இன்னொருவர் வந்தார். ஒரு கால் கட்டை. கையில் வெண்புள்ளி. இடுப்பில் சாவிக்கொத்து. நடந்தால் குலுங்கியது. தொடர்கதையில் இவர் ‘அவள்’. நேரில் பார்த்தபிறகு அப்படி எழுதக் கை வரவில்லை.

எப்படி வந்தார் என்று கேட்காதீர்கள். பஸ்ஸில் வந்தார்.

“என்னம்மா வேணும்?” என்றார் சூப்பிரண்டு.

“இந்த மாடியில் இன்றோடு ஒன்று குறையும்!” என்றார் வந்தவர்.

“இது தரைத்தளம்மா.”

“அத்தியாயம் நாலு சார்,” என்றார் கொக்கி பரவசமாக. “அந்த இடத்துல படமே போட்டிருந்தாங்க!”

வந்தவர் மேஜையில் கிடந்த தாளைத் தொட்டுக் காட்டினார். பிறகு தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். சூப்பிரண்டுக்குப் புரிந்துவிட்டது. ஒரே பொருளுக்கு இரண்டு பேர் உரிமை கோருவது இந்தப் பிரிவில் புதிதல்ல. கறுப்புக் குடைக்கு எட்டுப் பேர் வந்த நாளையும் பார்த்தவர். அவர் விதிப் புத்தகத்தைத் தேடி அலமாரிக்குப் போனார்.

4

அவர் தேடிக்கொண்டு வருவதற்குள் குமாஸ்தாவுக்கு ஒரு விஷயம் சொல்ல அவகாசம் கிடைக்கிறது.

நகரத்து மாயக்கதைக்குப் பூதம் வேண்டும், பேய் வேண்டும், ரத்தம் குடிப்பவன் வேண்டும். இவர்களை எங்கே குடிவைப்பது? குமாஸ்தா பதினொரு வாரமாக எழுதிய படிவங்களைப் புரட்டிப் பார்த்தார். ரத்தம் குடிப்பவன் பகலில் வெளியே வரமாட்டான். ஆகவே இரவுக் காவலாளி. வேற்றூர்க்காரன், வேற்றுமொழிக்காரன், பெட்டியில் படுத்துத் தூங்குபவன். சாக்கடைப் பூதம் நாறும், அரைகுறையாகப் பேசும், கூட்டமாகவே வரும். ஒன்றுக்குக்கூடத் தனிப் பெயர் கிடையாது. கண் தெரியாதவர் ஒருவர் வருகிறார். அவருக்கு எதிர்காலம் தெரிந்தே ஆகவேண்டும், வேறு வேலை கொடுக்கப்படவில்லை. கோபம் வந்தால் நாயாக மாறுகிறவன் குடிசைக்காரன். சொந்த வீடு வைத்திருக்கிறவர்கள் எவ்வளவு கோபப்பட்டாலும் மனிதர்களாகவே இருக்கிறார்கள். பேய்களெல்லாம் வாடகை வீட்டில். வில்லனுக்கு முகத்தில் தழும்பு. கதாநாயகனுக்கு அதே இடத்தில் மச்சம்.

இதையெல்லாம் திட்டம் போட்டுச் செய்யவில்லை. பேனாவை வைத்தால் தானாக ஓடியது. தானாக ஓடுவதுதான் பயமாக இருக்கிறது. மாயம் என்றால் ஊரில் இல்லாததை எழுதுவது. குமாஸ்தா எழுதியதில் ஊரில் இல்லாத ஒன்றுகூட இல்லை. கட்டடத்துக்காரர்கள் ஏற்கெனவே யாரைக் கண்டால் ஒதுங்கினார்களோ அவர்களுக்குப் பல் வைத்தார், நகம் வைத்தார். அவ்வளவுதான் கற்பனை.

[கொக்கி இதை இப்போது தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டார். அவர் சொன்னதையும் சேர்க்க வேண்டுமாம்: “என் மச்சான் சாக்கடை வேலைதான் பாக்குறான். உங்க தொடரை விடாம படிப்பான். பூதம் வர்ற இடத்துல மட்டும் விழுந்து விழுந்து சிரிப்பான். ஏன்டா சிரிக்கிறேன்னு கேட்டேன். ‘பூதத்துக்காச்சும் கையுறை குடுத்திருக்காருய்யா’ன்னான்.”]

இந்தப் பகுதிக்கு இதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை. கையுறைக்குப் பிறகு எதை எழுதினாலும் சோகையாக இருக்கிறது.

5

சூப்பிரண்டு புத்தகத்தைத் தூசி தட்டிப் பிரித்தார்.

“விதி பதினாலு. ஒரே பொருளுக்கு ரெண்டு பேர் வந்தா, அறிவிப்புல இல்லாத ஓர் அடையாளத்தை ஒவ்வொருத்தரும் தனித்தனியா சொல்லணும். சரியா சொல்றவங்களுக்குப் பொருள் போகும். பர்ஸுன்னா உள்ளே என்ன இருந்துச்சுன்னு கேப்போம். அது மாதிரி.” தையற்காரம்மா பக்கம் திரும்பினார். “சொல்லுங்கம்மா. இந்தத் தாள்ல இல்லாதது ஏதாச்சும்.”

“ஒண்ணு போதுமா?”

“ஒண்ணே ஒண்ணு.”

“தைக்கக் குடுக்குற துணில மிச்சம் விழுந்தா திருப்பித் தர மாட்டேன். கேட்டாலும் தர மாட்டேன்.”

சூப்பிரண்டு நிமிர்ந்தார். “அந்த ஜன்னல் திரை... பச்சைல பூப் போட்டது... நீங்கதானா? என் வீட்டுக்காரி ஒண்ணரை மீட்டரைப் போன வருஷத்துலேர்ந்து தேடுறா!”

“என் தலையணை உறையா இருக்கு. நல்லாருக்கு.”

“சாட்சி நானே,” என்று சூப்பிரண்டு குறித்துக்கொண்டார். ஆனால் தையற்காரம்மாவுக்கு ஆரம்பித்ததை நிறுத்த மனமில்லை.

“இன்னும் கேளுங்க. பாட்டுப் பாடினா சுருதி நிக்காது, ஆனா நிறுத்த மாட்டேன். பூனை பிடிக்காது. சூனியக்காரின்னா பூனை இருக்கணுமாமே, எனக்குத் தும்மல் வரும். சாவிக்கொத்துல பதினோரு சாவி. ஒம்பது எந்தப் பூட்டோடதுன்னு எனக்கே தெரியாது, தூக்கிப் போட மனசு வரல. கீழ்வீட்டுக்காரி மேல பொறாமை. அவ பொத்தானுக்குக் காஜா எடுக்குற மெஷின் வாங்கிட்டா. கல்யாணம் ஒண்ணு வந்துச்சு, நான்தான் வேண்டாம்னேன். அவர் சாப்பிடும்போது கதை சொல்லுவார், வாயில சோத்தோட. தம்பி, இதையெல்லாம் எழுதிக்கிறீங்களா?”

குமாஸ்தா எழுதிக்கொண்டிருந்தார். கட்டம் நிறைந்து, ஓரம் நிறைந்து, தாளின் முதுகுக்குப் போய்விட்டது.

[தையற்காரம்மாவை மிகவும் நல்லவராகக் காட்டிவிடக் கூடாது என்ற எச்சரிக்கையோடு இந்தக் கதை தொடங்கியது. அதற்குக் குமாஸ்தா சிரமப்படவே வேண்டியிருக்கவில்லை.]

சூப்பிரண்டு அடுத்த நாற்காலிக்குத் திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா.”

சூனியக்காரி எழுந்து நின்றார். கைகளை உயர்த்தினார். “இந்த மாடியில் இன்றோடு ஒன்று குறையும்!”

“அது சொல்லிட்டீங்க.”

“வா, குழந்தாய், கதவு திறந்துதான் இருக்கிறது!”

“அத்தியாயம் ஆறு,” என்றார் கொக்கி.

“ஹா! ஹா! ஹா!”

“ஆறு, ஏழு, ஒம்பது.”

அத்தோடு தீர்ந்துவிட்டது. பதினொரு வாரத்தில் குமாஸ்தா அவருக்குக் கொடுத்திருந்தது இரண்டு வசனமும் ஒரு சிரிப்பும். சூனியக்காரி வாயைத் திறந்தார், மூடினார். சாவிக்கொத்தை எடுத்து ஒவ்வொரு சாவியாகப் பார்த்தார். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. அவை எதைத் திறக்கும் என்று எழுதப்படவில்லை. பிறகு மெதுவாகக் குமாஸ்தாவின் பக்கம் திரும்பினார். பரீட்சையில் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் தெரியாது. சாவி எதற்கு, தனியாக ஏன், குழந்தைகளைப் பிடித்து என்ன செய்கிறார், எதைக் கண்டால் தும்முவார்? படைத்தவர் என்று பெயர். தாளில் இருந்த நாலு வரிக்கு மேல் ஒரு சொல் சொல்லத் தெரியவில்லை.

“உரிமை நிரூபிக்கப்படவில்லை,” என்று சூப்பிரண்டு எழுதினார். எழுதிவிட்டு அவருக்கே சங்கடமாகிவிட்டது. “அந்த மின்விசிறியைக் கொஞ்சம் அவங்க பக்கம் திருப்புய்யா,” என்றார். அது கூரையில் தொங்குவது. கொக்கி கழியை எடுத்துக்கொண்டு எழுந்தார், மேலே பார்த்தார், உட்கார்ந்தார்.

தையற்காரம்மா ‘பொருளைப் பெற்றுக்கொண்டேன்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுத் தன்னைத் தானே பெற்றுக்கொண்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

“சனிக்கிழமை என்ன வருது தம்பி?”

“எதுலக்கா?”

“உங்க கதையில. கடைசில அந்தம்மாவுக்கு என்ன ஆகுது?”

குமாஸ்தா பேனாவின் மூடியைத் திருகினார். “எல்லாரும் சேர்ந்து... லிஃப்ட் குழியில தள்ளி விட்டுர்றாங்க.”

“யாரு எல்லாரும்?”

“குடியிருக்கிறவங்க. கை தட்டுறாங்க.”

தையற்காரம்மா மேஜையில் கிடந்த குண்டூசியை எடுத்து முந்தானையில் குத்திக்கொண்டார். “அதைப் படிச்சுட்டு நேரா பத்து மணிக்குக் கூட்டத்துக்கு வருவாங்க,” என்றார். “நான் அந்த லிஃப்ட்லதான் ஏறணும் தம்பி. இந்தக் காலோட மூணு மாடி இறங்க முடியாது.” பிறகு, போகிற போக்கில் கேட்பது போல: “ஆமா, நீங்க ஏன் பதினோரு வாரமா படிக்கட்டுல போறீங்க?”

“உடம்புக்கு நல்லதுன்னு...”

“யாரு உடம்புக்கு?”

6

குமாஸ்தா இதழுக்குத் தொலைபேசியில் பேசினார். உதவியாசிரியர் சொன்னதை அப்படியே தருகிறோம்.

“சார், பக்கம் கட்டியாச்சு. குழில விழுற படமும் வரைஞ்சாச்சு. மாத்தணும்னா நீங்க கையெழுத்துப் போட்ட கடிதம் சாயங்காலம் அஞ்சுக்குள்ள என் மேஜைக்கு வரணும். உங்க வாசகருங்க பதினோரு வாரமா அவ விழுறதுக்குத்தான் காத்திருக்காங்க, பாத்துக்குங்க. சொதப்பிட்டீங்கன்னா அடுத்த தொடர் உங்களுக்கு இல்ல. ஆசிரியரே சொல்லச் சொன்னார்.”

மணி இரண்டு. இதழின் அலுவலகம் பேருந்துத் தடத்தில்தான் இருக்கிறது. நாலு மணி வண்டியில் கொடுத்தனுப்பினால் நாலே முக்காலுக்குப் போய்ச் சேரும். குமாஸ்தா முடிவுகளை எழுத ஆரம்பித்தார். நாளைக்கும் அந்தக் கட்டடத்தில் வாழவேண்டிய தையற்காரம்மா எதிரே உட்கார்ந்து கேட்டார்.

முடிவு ஒன்று: சூனியக்காரி உண்மையில் நல்லவர். தீப்பிடித்த கட்டடத்திலிருந்து எல்லாக் குழந்தைகளையும் காப்பாற்றிவிட்டுத் தான் இறந்துபோகிறார்.

“நல்லவளா இருந்தாலும் சாகணுமா?” என்றார் தையற்காரம்மா. “உயிரோட இருந்தா ஒத்துக்க மாட்டாங்களா?”

முடிவு இரண்டு: சாபம் நீங்குகிறது. கால் நேராகிறது, புள்ளிகள் மறைகின்றன, கண்ணாடியில் பார்த்துக் கண்கலங்—

“அப்ப இது சாபம்தான்னு நீங்களே எழுதிக் குடுக்குறீங்க.”

முடிவு மூன்று: அவர் சூனியக்காரியே அல்ல, ஆயிரம் வருடச் சக்தி. எல்லாரும் காலில் விழுகிறார்கள்.

“கால்ல விழுந்தா நான் எப்படி நடக்குறது? வழியை விட்டா போதும்.”

முடிவு நான்கு: உண்மையான சூனியக்காரி வேறொருவர். முதுகு கூனிய, ஒற்றைக்கண்—

“அண்ணே,” என்றார் கொக்கி, “பலகையில இன்னொரு தாள் குத்த வைக்காதீங்கண்ணே.”

சூப்பிரண்டும் விட்டுவைக்கவில்லை. அவருக்கும் ஒரு முடிவு இருந்தது. எல்லாம் கனவு. சூப்பிரண்டு மாதிரி ஒருவர் தூங்கி எழுகிறார். அதை மரியாதைக்காகத் தாளில் எழுதி, மரியாதையோடு அடித்தார்கள்.

மூன்றரை ஆகிவிட்டது. குமாஸ்தா பேனாவை மூடினார். இந்த இடத்தில் ஓர் ஒப்புதல்: அடுத்த தொடர் கைவிட்டுப் போவது அவருக்கு வலித்தது. வாரம் ஒரு முறை தன் எழுத்தை அச்சில் பார்ப்பதைத் தவிர அவருக்கென்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கடிதம் எழுதாமல் நாலு மணியைக் கடத்திவிட்டால் யாரும் குற்றம் சொல்ல முடியாது, வண்டி போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தார். [இதை எழுத வேண்டாம் என்று இரண்டு முறை நினைத்தார். எழுதியாயிற்று.]

கடைசியில் அவர் முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டார்.

“அக்கா, லிஃப்ட் உங்க மாடில நிக்குது. கதவு திறக்குது. உள்ளே எல்லாரும் இருக்காங்க. நீங்க என்ன சொல்லுவீங்க?”

“நானா? என்னத்தச் சொல்றது.” தையற்காரம்மா யோசித்தார். “‘கொஞ்சம் நகந்துக்குங்க, நானும் வரேன்’னு சொல்லுவேன். எல்லாரும் சொல்றதுதானே. இப்பல்லாம் அதைச் சொல்றதுக்குள்ள கதவு மூடிடுது.”

அடுத்த நாற்காலியில் சாவிகள் குலுங்கின. சூனியக்காரி முன்னால் சாய்ந்திருந்தார். உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை, ஆனால் பாடம் பண்ணுகிறவர் போல இரண்டு முறை, மூன்று முறை அசைந்தன.

7

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்.

“பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடைசி அத்தியாயத்தை நீக்கிவிட்டுக் கீழ்க்கண்டதை அச்சிட வேண்டுகிறேன்.

‘லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றது. கதவு திறந்தது. உள்ளே இருந்தவர்கள் வெளியே நின்றவரைப் பார்த்தார்கள். அவர் சொன்னார்: கொஞ்சம் நகந்துக்குங்க, நானும் வரேன்.’

இத்துடன் கதை நிற்கிறது. முற்றும் என்று போட வேண்டாம். மீதிப் பக்கத்தை வெற்றிடமாக விடவும், விளம்பரம் வேண்டாம். இதன் விளைவுகளை அறிவேன்.

இப்படிக்கு—”

குமாஸ்தா கையெழுத்துப் போடும்போது கொக்கி குறைப்பட்டுக்கொண்டார். “நகந்தாங்களா இல்லையான்னு ஒரு வரி போட்டிருக்கலாம்ணே. பதினோரு வாரம் படிச்சிருக்கேன்.”

“எனக்குத் தெரியாதே.”

“எழுதுறவருக்கே தெரியாதா?”

“சனிக்கிழமை உள்ளே நிக்கிறவங்களுக்குத்தான் தெரியும்.”

இதைப் படித்துக்கொண்டிருக்கிற நீங்கள் அந்தக் கட்டடத்தில் குடியில்லை என்று நிம்மதியாக இருக்கலாம். மூன்றாம் மாடி இல்லாத கட்டடங்களில் வசிப்பவர்கள் மட்டும் தாராளமாக இருங்கள். மற்றவர்கள் மீதி வரியை எழுதிக்கொள்ள வேண்டியதுதான். குமாஸ்தா உதவப்போவதில்லை. இதுவரை அவர் உதவியதே போதும்.

“சரி தம்பி,” என்று தையற்காரம்மா எழுந்தார். “கதை அப்படியே போட்டாங்கன்னாலும் கூட்டம் கூட்டம்தான். அதுக்கு வருவீங்களா?”

“வரேன்கா.”

“படிக்கட்டுலயா?”

“உங்க மாடிக்கு ஏறி வந்து, உங்களோட லிஃப்ட்ல இறங்குறேன்.”

“ரொம்ப நல்லவராட்டம் பேசாதீங்க. வாங்க, பாப்போம்.”

நாலு மணி வண்டி உறுமிக்கொண்டு நின்றது. குமாஸ்தா கடிதத்தை மூன்றாக மடித்து உறையில் போட்டார். பசை காய்ந்திருந்ததால் கொக்கி எச்சில் தொடப் போனார். சூப்பிரண்டு அதட்டிவிட்டுத் தன் மேஜையிலிருந்த அரக்கை எடுத்து, தானே உருக்கி ஊற்றினார். முத்திரை மட்டும் வைக்கவில்லை. “இதுல உன் கட்டைவிரலை அழுத்துய்யா. உன் கடிதம்,” என்றார். சூட்டைப் பொறுத்துக்கொண்டு குமாஸ்தா அழுத்தினார்.

உறையை வாங்கக் கண்டக்டர் கை நீட்டினார். அதற்கு முன்பே ஒரு கை அதை எடுத்துக்கொண்டது. வெண்புள்ளி படர்ந்த கை. சூனியக்காரி உறையை மார்போடு அணைத்துக்கொண்டு, கட்டையான காலை முதலில் வைத்துப் படி ஏறினார். வண்டி நிறையக் கூட்டம். நடுவில் ஓர் இருக்கையில் ஒரே ஒருவர், இரண்டு பேர் இடத்தில் பையைப் பரப்பி உட்கார்ந்திருந்தார்.

சூனியக்காரி அவர் முன்னால் போய் நின்றார். குனிந்தார். ஜன்னல் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்தபோது அவர் உதடுகள் அசைவது தெரிந்தது. இரண்டாம் முறையும் அசைந்தன.

கண்டக்டர் விசில் ஊதினார். வண்டி திரும்பியது. வெயில் கண்ணாடியில் பளீரென்று அடித்ததில், கடிதம் போகிறது என்பதற்கு மேல் இங்கிருந்து எதுவும் தெரியவில்லை.